வன்னி வீட்டுக்குப் பழைய தளபாடம்: தேடுவது முதல் பேணுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில் பழைய தளபாடம் தேடுகிறவர் முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: இங்கே பழைய வீடுகளே அரிது. போரின் கடைசிக் கட்டத்தில், 2008 இலும் 2009 இலும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். முதல் இடப்பெயர்வில் உழவு இயந்திரத்தில் ஏறிய அலுமாரி இரண்டாவதில் இறக்கப்பட்டது. மூன்றாவதில் கதிரையும் நின்றுவிட்டது. கடைசியில் கையில் ஒரு பைதான் மிஞ்சியது. மீளக்குடியேறியபோது பல வீடுகளில் கதவு மட்டுமல்ல, கதவு நிலையும் இல்லை. ஆகவே இன்று ஒரு வன்னி வீட்டில் எழுபது வருடத்து மேசை ஒன்று நிற்கிறதென்றால், அது வெளியூரிலிருந்து வந்ததாக இருக்கும். இல்லையேல் யாரோ பெரும்பாடு பட்டுக் காப்பாற்றியதாக இருக்கும்.

அதனால் பழைய தளபாடத்தை அழகுப் பொருளாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அது யாருடைய வீட்டிலிருந்து வருகிறது, நம் வீட்டில் யாருக்குப் பயன்படப்போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே மரத்தையும் வேலைப்பாட்டையும் பார்க்கிறேன். கீழே உள்ள படிகளும் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

படி 1: வீட்டாரின் பழக்கத்தைக் கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கிழமை உங்கள் வீட்டையே பாருங்கள். காலையில் தேநீர்க் கோப்பையோடு யார் எங்கே உட்காருகிறார்? பிள்ளைகள் எந்த மூலையில் படிக்கிறார்கள்? வருகிறவர்கள் விறாந்தையோடு நின்றுவிடுகிறார்களா, உள்ளே வருகிறார்களா? பின்னேரம் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது? ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், உங்களுக்குத் தேவையானது பெரும்பாலும் ஒரே ஒரு பொருள் என்று தெரியவரும். அந்த ஒன்றைத் தேடுங்கள். அறை முழுவதையும் பழைய பொருளால் நிரப்பினால் அதில் வாழ்வது கடினம்.

சாய்மனைக் கதிரையை எடுத்துக்கொள்வோம். நீண்ட கைகளும் பிரம்புப் பின்னலும் கொண்ட அந்தக் கதிரையை விரும்பாதவர் குறைவு. வயலால் வந்து மத்தியானம் ஒரு மணி நேரம் சாய்கிறவருக்கு அதைவிட நல்ல இருக்கை கிடையாது. ஆனால் முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அது தண்டனை. தாழ்ந்து சரிந்த இருக்கையிலிருந்து எழும்ப அவருக்கு ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கை வேண்டியிருக்கும். அவருக்கு நிலத்திலிருந்து 17 அல்லது 18 அங்குல உயரத்தில் இருக்கையும், ஊன்றி எழும்ப உறுதியான கைகளும் உள்ள நேர்க்கதிரையே ஏற்றது. ஆசிரியர் வீட்டுக்கு லாச்சி வைத்த எழுத்து மேசை பொருந்தும். சனம் வந்து போகிற வீட்டு விறாந்தைக்கு ஆறடி வாங்கு ஒன்று போதும்.

மனத்தையும் பார்க்க வேண்டும். என் பெரியம்மா மூன்று முறை வீடிழந்தவர். பழைய தேக்குக் கட்டில் ஒன்று வாங்கித் தருகிறோம் என்று பிள்ளைகள் கேட்டபோது, "இதைப் பிறகு யார் தூக்குவது?" என்றுதான் அவர் கேட்டார். இனி எங்கும் போக வேண்டியதில்லை என்று நாங்கள் எவ்வளவு சொன்னாலும் அவருடைய உடம்பு நம்பவில்லை. கடைசியில் அவருக்குப் பிடித்தது கைபிடி வைத்த சிறிய மரப்பெட்டி ஒன்று. உறுதிப் பத்திரமும் படங்களும் இப்போது அதற்குள் இருக்கின்றன. அவருடைய தேர்வு சரியானது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் கனமான அலுமாரியை அவர் மேல் சுமத்தாதீர்கள். மாறாக, இனி இங்கேதான் என்று நெஞ்சில் முடிவெடுத்தவர்களுக்கு, நான்கு பேர் சேர்ந்தாலும் அசைக்கக் கடினமான ஒரு பொருளே ஆறுதலாக இருப்பதையும் கண்டிருக்கிறேன்.

கீறலைத் தாங்க முடியாத குணமா உங்களுக்கு? அப்படியானால் பழைய அரக்குப் பொலிஷ் போட்ட மேசை வேண்டாம். சூடான குவளை ஒன்று போதும், வெள்ளை வட்டம் விழுந்துவிடும்.

படி 2: அளவெடுங்கள்

இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகள் 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு கூடம், குசினி. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்கென்று செய்த அலுமாரியை அதற்குள் கொண்டுவந்தால் அறையில் வேறொன்றும் நிற்காது. அளவுநாடா இல்லாமல் விலை பேசாதீர்கள்.

வாசல் அகலம், கூரையின் தாழ்ந்த பக்க உயரம், யன்னல் திறக்கும் தூரம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்திருங்கள். அலுமாரிக்கு இன்னொரு கணக்கு உண்டு; பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஏழடி உயரமும் இரண்டடி ஆழமும் உள்ள அலுமாரியைப் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோய் நிமிர்த்தும்போது, அதன் மூலைக்கு ஏறத்தாழ ஏழடி மூன்றரை அங்குலம் தேவைப்படும். ஏழடி இரண்டு அங்குலத்தில் தட்டு அடித்த அறைக்குள் அது நிமிராது. ஆனால் பழைய பெரிய அலுமாரிகள் பல, தலைப்பகுதி, உடல், அடிப்பீடம் எனக் கழற்றிப் பூட்டக்கூடியவை. மேலேயும் பின்னாலும் ஆப்பு வைத்த இடங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சாப்பாட்டு மேசையின் உயரம் சுமார் 30 அங்குலம். கதிரை இருக்கைக்கும் மேசைக்கும் இடையே 10 முதல் 12 அங்குலம் இருந்தால் வசதியாகச் சாப்பிடலாம். வேறு வேறு இடத்தில் வாங்கிய மேசையும் கதிரையும் பொருந்தாமல் போவது இந்த இடைவெளியால்தான். நடக்கும் வழிக்கு இரண்டரை அடி விடுங்கள்.

பொருள் நிற்கப்போகும் இடத்தைச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் கீறி, மூன்று நாள் அந்தக் கோட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். நான்காம் நாளும் எரிச்சல் வராவிட்டால் வாங்கலாம்.

படி 3: இது யாருடையது என்று கேளுங்கள்

எங்கள் ஊர்களில் பாத்திரத்தில் பெயரெழுத்து வெட்டும் வழக்கம் உண்டு. கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் இரவல் போன பித்தளைப் பானை வீடு திரும்ப வேண்டுமல்லவா? தளபாடத்துக்கும் அப்படித்தான். கதிரையைக் கவிழ்த்து இருக்கையின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். வாங்கின் அடியில், லாச்சியின் பின்பலகையில், அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். வர்ணத்தால் எழுதிய இரண்டு எழுத்து, சூட்டுக்கோலால் இட்ட ஓர் இலக்கம், ஒரு வாசிகசாலையின் அல்லது பாடசாலையின் பெயர்ச் சுருக்கம் இருக்கக்கூடும்.

சில வருடங்களுக்கு முன் ஏ9 வீதியோரம் ஒரு பழைய பொருள் கடையில் நல்ல முதிரை வாங்கு ஒன்றைக் கண்டேன். விலையும் படிந்துவிட்டது. புரட்டிப் பார்த்தபோது நீல வர்ணத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் எழுத்துகள். பக்கத்துக் கிராமம்தான். அந்த நிலையத்தின் பழைய நிர்வாகத்தில் இருந்த ஐயா ஒருவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் அன்றே வந்து பார்த்து, வாங்கின் விளிம்பைக் கையால் தடவிவிட்டு, "இதில் இருந்துதான் நாங்கள் பேப்பர் வாசித்தோம்" என்றார். கடைக்காரரும் நல்ல மனிதர். தான் கொடுத்த காசை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார். அந்த நாளுக்குப் பிறகு, புரட்டிப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணை, இது எந்த ஊரிலிருந்து வந்தது? யார் தந்தார்கள்? எப்போது?" நேர்மையாக வாங்கியவருக்கு இதைச் சொல்லச் சிரமமில்லை. ஊரும் ஆண்டும் சொல்லத் தயங்குகிறவரிடம், பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை. போர் முடிந்த காலத்தில் கைவிடப்பட்ட வீடுகளிலிருந்து போன பொருட்கள் எங்கெல்லாமோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள்.

நம்பிக்கையான வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் குடும்பத்திடம் நேரடியாக வாங்கலாம். வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர், உரியவரோடு தொலைபேசியில் பேசவைத்து விற்பதுண்டு. பாடசாலைகளும் அரச அலுவலகங்களும் பாவனைக்கு உதவாததென ஒதுக்கிய மேசை, வாங்குகளை ஏலத்தில் விடும், பற்றுச்சீட்டும் கிடைக்கும். தெற்கே அம்பலாங்கொடை பழம்பொருள் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். ஆனால் அங்கிருந்து லொறிக் கூலி கொடுத்துக் கொண்டுவருவதை, மிக வேண்டிய பொருள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

கோவில் வாகனத்தின் துண்டு, தேரின் சிற்பம், தேவாலயத்து மரவேலை என்று எதுவும் விற்பனைக்கு வந்தால் தொடவேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்காக வாங்குகிறீர்கள் என்றால், பழம்பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 4: மரத்தை அடையாளம் காணுங்கள்

வன்னியின் காடு தந்த மரங்களை வன்னியில் இருப்பவர்களே அறியாமல் வாங்குவது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் இந்தப் படியில் சற்று நின்று பேசுகிறேன்.

முதிரை பொன்மஞ்சள் நிறம். வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்தால் பட்டுச்சேலையின் மடிப்புப்போல ஒளி அலையாக ஓடும். பக்கத்துக்குப் பக்கம் ஒளியும் நிழலும் இடம் மாறுவதை எந்தச் சாயத்தாலும் உண்டாக்க முடியாது. முதிரை என்று சொல்லி விற்பதைச் சோதிக்க இதுவே சிறந்த வழி. பாலை செம்பழுப்பு, கல்லைப்போல் கடினம், ஆணி வளையும், மரம் விடாது. கருங்காலி கறுப்பு. பாலையும் கருங்காலியும் தண்ணீரில் அமிழும் அளவுக்குக் கனமானவை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலை நேரான இழையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் உடையது. நிலைகளுக்கும் சட்டங்களுக்கும் அது நல்லது.

தேக்கு இந்த நாட்டு மரம் அல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதன் எண்ணெய்ப் பசையும் வாசமும் பழைய பலகையிலும் இருக்கும். லாச்சியைத் திறந்து மூக்கை வைத்தால் தெரியும். பலா இளமையில் மஞ்சளாக இருந்து, வயதேறும்போது செம்மண்ணிறமாகும். பெட்டகங்களுக்கும் கதவுகளுக்கும் அதை விரும்பினார்கள். வேம்பை ஏழைகளின் மரம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள்; நான் ஒதுக்கமாட்டேன். நன்றாக முற்றிய வேப்பம்பலகையில் செய்த அலுமாரி, பூச்சி எளிதில் அண்டாமல் தலைமுறை தாண்டி நிற்கும். விலையும் கைக்கு எட்டும்.

கருங்காலி என்று விற்பதில் பல, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரம். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். சாயம் துணியில் இறங்கினால் சந்தேகப்படுங்கள். தூக்கிப் பார்த்தால் பாரமும் காட்டிக்கொடுத்துவிடும். நானும் ஒருமுறை முதிரை என்று நம்பி, மஞ்சள் சாயம் ஏற்றிய மலிவுப் பலகை மேசை ஒன்றுக்கு இரட்டிப்பு விலை கொடுத்தேன். மேற்பலகையை மட்டுமே பார்த்திருந்தேன். உள்பக்கச் சட்டம் வெளுத்துக் கிடந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

பழைய பாணியில் இப்போது செய்த புதுத் தளபாடமும் சந்தைக்கு வருகிறது. முதிரையும் பாலையும் நம் காடுகளிலிருந்து களவாக வெட்டப்படும் செய்தி அடிக்கடி வருகிறது. மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத புது முதிரைக் கட்டிலை வாங்குவதைவிட, கீறல் விழுந்த பழைய வேப்பங்கட்டில் ஆயிரம் மடங்கு மேல். பழைய வீட்டுப் பலகைகளையோ கூரை வளைகளையோ மரமாக வாங்கி ஏற்றுவதானால், லொறி புறப்படுவதற்கு முன்பே அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

வன்னிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. போர் நடந்த நிலத்து மரங்களிலும் பலகைகளிலும் குண்டுச் சிதறலோ சன்னமோ புதைந்திருக்கலாம். மரக்காலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாள் உடைந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பலகை நெடுகத் தடவிப் பார்த்துவிட்டே சீவுளி வையுங்கள்.

படி 5: வயதைக் கணியுங்கள்

நூறு ஆண்டு கடந்ததைப் பழம்பொருள் என்று கொள்வது பொதுவான வழக்கம். 1950, 60, 70 களில் செய்தவை அந்தக் கணக்கில் வராவிட்டாலும் நம் வீடுகளுக்கு அவையே அதிகம் பொருந்தும், கிடைப்பதும் அவைதான். "ஒல்லாந்தர் காலத்துக் கதிரை" என்று யாராவது சொன்னால் கணக்குப் பாருங்கள். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 இல் பிரித்தானியரிடம் இழந்தார்கள். உண்மையில் அந்தக் காலத்ததாக இருந்தால் கதிரைக்கு 230 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒன்று வீதியோரக் கடையில் வெயிலில் கிடப்பது மிக அபூர்வம். பெரும்பாலும் அது ஒல்லாந்தர் பாணியைப் பார்த்துப் பின்னாளில் செய்தது. அதில் குறையொன்றுமில்லை. விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். (கதிரை, மேசை, அலுமாரி என்ற சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை, லாச்சி ஒல்லாந்தர் தந்தது. பொருள் அழிந்த பின்னும் பெயர் நம் வாயில் நிற்கிறது.)

வயதைச் சொல்வது மூட்டுகள். லாச்சியை முழுவதும் வெளியே இழுத்து, முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்து, அவற்றின் அகலம் சிறிது சிறிது வேறுபட்டால் கையால் வெட்டியது. எல்லாப் பல்லும் ஒரே அளவென்றால் இயந்திர வேலை. கதிரைக் காலும் சட்டமும் சேரும் இடத்தில் துளைக்குள் கழுந்து (துளைக்கேற்பச் செதுக்கிய மரமுனை) இறங்கி, மரமுளை அடித்திருக்கிறதா பாருங்கள். அந்த முளையின் தலை வட்டம் குலைந்து சற்று வெளியே தள்ளி நின்றால் நல்ல அறிகுறி. மரம் வருடக்கணக்காகச் சுருங்கியிருக்கிறது.

திருகாணியும் பேசும். சிலுவை வெட்டுள்ள திருகாணி 1930 களில் வந்தது. அது இருந்தால் பொருள் அதற்குப் பிந்தியது, அல்லது பிறகு யாரோ திருத்தியிருக்கிறார்கள். மேற்பலகையின் அடியில் வளைந்த வாள்தடம் இருந்தால் வட்டவாளால் அறுத்தது. நேர்த்தடம் என்றால் கைவாளாக இருக்கலாம். வட்ட மேசை என்றால் இரண்டு திசையிலும் விட்டத்தை அளவிடுங்கள். மரம் இழைக்குக் குறுக்கே மட்டும் சுருங்குவதால், உண்மையான பழைய வட்ட மேசை ஒரு பக்கம் கால் அங்குலமாவது குறைந்திருக்கும். மிகச் சரியான வட்டமாக இருக்கும் "நூறு வருடத்து மேசை"யை நான் நம்புவதில்லை.

பிரம்புக் கதிரையில் சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு, ஒவ்வொரு துளையாகக் கோத்துப் பின்னியிருந்தால் கைப்பின்னல். ஆயத்தமாகப் பின்னிய பாயைச் சட்டத்தில் வெட்டிய ஒரு காடிக்குள் அழுத்தி ஒட்டியிருந்தால் பிற்காலத்தது.

சிங்கர் கால்மிதித் தையல் இயந்திரங்களும் பழைய தளபாடமாக விலைபேசப்படுகின்றன. அந்த நிறுவனம் 1877 முதல் இலங்கையில் இருக்கிறது. இயந்திரத்தின் அடித்தட்டில் பொறித்த தொடரிலக்கத்தைக் கொண்டு, செய்த காலத்தை அறியலாம். தலையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக்காலில் பலகை வைத்து மேசையாக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. இயந்திரம் இன்னும் தைக்கிறதென்றால் அதைச் செய்யாதீர்கள். தையலால் குடும்பம் நடத்தும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்கு அது வருமானம்.

படி 6: பூச்சியும் உக்கலும்

சிறு துளைகளைக் கண்டவுடன் பயந்து ஓடவேண்டாம். துளையின் உட்பக்கம் கறுத்து, தூள் எதுவும் இல்லையென்றால் பூச்சி எப்போதோ போய்விட்டது. துளை வெளிறி, தட்டும்போது மாவுபோல உதிர்ந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது. வாங்கிய பொருளை உடனே வீட்டுக்குள் எடுக்காதீர்கள். கொட்டிலில் கறுப்புக் கடதாசி விரித்து அதன்மேல் இரண்டு கிழமை வையுங்கள். கடதாசியில் புதுத்தூள் விழுந்தால் அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போராக்ஸ் (வெண்காரம்) கரைசலால் நனைக்கலாம். பொலிஷோ வர்ணமோ இல்லாத வெறும் மரத்தில் மட்டுமே அது ஊறும். மண்ணெண்ணெய் பூசுவது நம் வழக்கம். ஆனால் அதன் பயன் நீடிப்பதில்லை.

கறையான் வேறு விதம். வெளியே பலகை வழவழப்பாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கால்களின் அடியையும் பின்பலகையின் கீழ் விளிம்பையும் பேனாக்கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை வெண்ணெயில்போல இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. கதிரையின் ஒரு காலில் இரண்டு அங்குலம் உக்கியிருந்தால் நல்ல தச்சர் மாற்றிவிடுவார். அலுமாரியின் நான்கு மூலைத்தூணும் உக்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 7: விலையும் ஏற்றிறக்கமும்

திருத்தச் செலவைத் தச்சரிடம் கேட்டறிந்த பிறகே விலை பேசுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய ஒருநாள் கூலியைக் கொடுத்தாலும் மிச்சம்தான். பிரம்பு பின்னத் தெரிந்தவர் இப்போது எல்லா ஊரிலும் இல்லை. பின்னல் கிழிந்த நான்கு கதிரைகளை மலிவென்று அள்ளுவதற்கு முன் பின்னுகிறவரை முதலில் கண்டுபிடியுங்கள். கைப்பிடியும் பூட்டும் பழையவையாக இருந்து திறப்பும் இருந்தால் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாம்.

ஏற்றும்போது லாச்சிகளையும் கண்ணாடியையும் தனியே எடுங்கள். கண்ணாடியைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே கொண்டுவாருங்கள். மேசையை மேற்பலகையின் விளிம்பில் பிடித்துத் தூக்கினால் பலகை கழன்றுவிடும், கீழ்ச்சட்டத்தில் பிடியுங்கள். கதிரையைச் சாய்வில் பிடித்துத் தூக்காதீர்கள், இழுக்கவே கூடாது.

படி 8: திருத்துங்கள், புதுசாக்காதீர்கள்

வாங்கிய மறுநாளே இயந்திரத்தால் தேய்த்து, கண்ணாடிபோல மினுங்கும் பூச்சு அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நோகிறது. ஐம்பது வருடமாக ஒருவருடைய முழங்கை பட்டுப் பட்டு வந்த நிறம் அரை மணி நேரத்தில் தூளாகிப் போகிறது. முதலில் துடையுங்கள். பிழிந்த ஈரத்துணி, மிகச் சிறிது சவர்க்காரம், உடனே உலர்துணி. அழுக்கேறிய பழைய மெழுகைத் தேர்ப்பன்டைன் நனைத்த துணி எடுத்துவிடும். பாதிப் பொருட்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

பூச்சு என்னவென்று அறிய, மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் விடுங்கள். இளகி ஒட்டினால் அரக்குப் பொலிஷ். அதே பொலிஷால் தொட்டுச் சரிசெய்யலாம். அசையாமல் நின்றால் வார்னிஷ் வகை. பழைய வர்ணம் பூசிய பொருளில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். முதிரைத் தூளும் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். முகமூடி, நீளக்கைச் சட்டை இல்லாமல் முதிரையில் மண்கடதாசி வைக்காதீர்கள்.

ஆடும் மூட்டுக்கு ஆணி அடிப்பது மிகப் பெரிய பிழை. பழைய மூட்டுகளை, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையால் ஒட்டினார்கள். சுடுநீர்த்துணி வைத்தால் அது இளகும். மூட்டைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே புதுப்பசை இடவேண்டும். பழையதன்மேல் இன்றைய மரப்பசை சரியாகப் பிடிக்காது. தொய்ந்த பிரம்பு இருக்கை கிழியாமல் இருந்தால், அடிப்பக்கத்திலிருந்து சுடுநீர்த்துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவிடுங்கள். மறுநாள் இறுகியிருக்கும்.

மெருகுக்கு நம் காட்டுத் தேன்மெழுகைவிட நல்லது வேண்டாம். தேன் எடுப்பவர்களிடம் கேட்டால் மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, வெளியில் கொண்டுபோய் மூன்று பங்கு தேர்ப்பன்டைன் கலந்து ஆறவிடுங்கள். தேர்ப்பன்டைன் தீப்பற்றும், அடுப்பருகே கலக்கவேண்டாம். துணியால் மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தெடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

படி 9: வீட்டில் நிற்கும் முதல் வருடம்

வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று மரத்தை உலர்த்தும். ஐப்பசி தொடங்கி மாரி மழை அதை ஊதவைக்கும். மூன்றடி அகல மேற்பலகை இந்த இரண்டுக்கும் இடையே கால் அங்குலம் வரை விரிந்து சுருங்கலாம். கச்சானில் தோன்றிய வெடிப்பை அவசரப்பட்டுப் பசையால் அடைத்தால், மாரியில் பலகை விரிய இடமில்லாமல் வேறிடத்தில் பிளக்கும். மாரியில் இறுகிய லாச்சியைச் சீவினால் கச்சானில் தொளதொளக்கும். முதல் வருடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருங்கள். மெழுகுதிரியை லாச்சியின் அடிவிளிம்பில் தேய்ப்பது மட்டும் போதும். அலுமாரிக் கதவின் நடுப்பலகை சட்டத்துக்குள் ஒட்டப்படாமல் அசைந்தால் அது பழுதல்ல. விரிவதற்கென்றே தச்சர் விட்ட இடம்.

சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கால்களின் கீழே கல் அல்லது உலோகத் துண்டு ஒன்று வைத்தால் ஈரமும் கறையானும் நேரே ஏறா. மாதம் ஒருமுறை பின்னால் டோர்ச் அடித்து மண்கோடு எதுவும் ஏறியிருக்கிறதா பாருங்கள். மேற்கு யன்னலின் பின்னேர வெயில் படும் இடம் அரக்குப் பொலிஷுக்கு ஆகாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள்: என்ன மரம், எந்த ஊரில், எந்தக் குடும்பத்திடம், எந்த ஆண்டு வாங்கியது, எந்தத் தச்சர் எதைத் திருத்தினார், அடியில் ஏற்கெனவே இருந்த எழுத்துகள் எவை. பொலித்தீன் உறையில் போட்டு லாச்சியின் பின்பலகையில் ஒட்டிவிடுங்கள். பழைய பெயரெழுத்தை அழிக்காமல், அதற்குக் கீழே உங்களுடையதையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.